கழுத்தில் கூடிய கால் இஞ்சு

“…இல்ல, நான் தப்பாப் பாக்கல. பதினாலே முக்கால். போன ஞாயித்துக்கெழம பதினாலரை. கால் இஞ்சு கூடிட்டு. நிமிந்து நில்லுங்க, இன்னொருக்கப் பாக்கேன்” என்றாள் என் மனைவி.

நிமிர்ந்து நின்றேன். மாதா கோயிலில் காலைப் பூசை முடிந்து வந்து இன்னும் சட்டையைக்கூடக் கழற்றவில்லை. மேல் பொத்தானை மட்டும் அவிழ்த்துவிட்டு, டேப்பைக் கழுத்தைச் சுற்றிப் போட்டு, வழக்கம்போல உள்ளே ஒரு விரலை விட்டுப் பார்த்தாள். மறுபடியும் பதினாலே முக்கால். மூன்றாம் தடவையும் அதுதான். டேப்பைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு மிஷின் முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

எங்கள் தொழில் தையல். தூத்துக்குடியில் கடற்கரையை ஒட்டிய ஒரு தெருவில் கடை. கடை என்றால் வீட்டின் முன்னறைதான். நான் வெட்டுவேன், மிஷின் மிதிப்பேன். காஜா எடுப்பது, பொத்தான் வைப்பது, ஓரம் அடிப்பது எல்லாம் அவள். புதுத் துறைமுகம் வந்து ஊருக்குள் புது ஆட்கள் நடமாடத் தொடங்கியிருந்த சமயம். இளவட்டங்கள் எல்லோரும் பெல்பாட்டம் கேட்டு வருவார்கள். “தெருவக் கூட்டுத மாதிரி வச்சிருங்க அண்ணாச்சி” என்பான் ஒருவன். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. மற்றப் படிப்பெல்லாம் அளவு கொடுக்க வந்தவர்கள் சொல்லிக் கொடுத்தது. அளவு கொடுக்கும்போது மனிதன் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நிற்க வேண்டும். வேறு ஒரு வேலையும் செய்ய முடியாது. அதனால் பேசுவான். நானும் கேட்டுக்கொள்வேன்.

என் கழுத்துக்கு வருகிறேன். ஒருநாள் சவரம் செய்யும்போது இடது காதுக்குக் கீழே இரண்டு உருண்டை கையில் தட்டுப்பட்டது. காறை எலும்புக்கு மேலே இன்னொன்று. வலி இல்லை, காய்ச்சல் இல்லை. உள்ளூர் டாக்டர், இந்தப் பக்கத்தில் கழுத்துக் கட்டி என்றால் பெரும்பாலும் காசநோய்க் கட்டிதான் என்று சொல்லி மாதக்கணக்கில் ஊசி போட்டார். கட்டி வளரவும் இல்லை, வற்றவும் இல்லை. “இது என் மருந்துக்குக் கட்டுப்படுற கட்டி இல்ல. மதுரைக்குப் போங்க” என்று அவரே சீட்டு எழுதிக் கொடுத்தார். மதுரையில் மரத்துப்போகும் ஊசி போட்டுக் காறை எலும்புக்கு மேலே இருந்த உருண்டையை எடுத்தார்கள். அதைச் சீவிக் கண்ணாடித் துண்டில் வைத்து மெட்ராஸுக்கு அனுப்பினார்கள். மூன்று வாரம் கழித்து வரச் சொன்னார்கள்.

அங்கே இருந்தது ஒரு டாக்டரம்மா. ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு அதைத் தேடுகிற ஆள். தாளைப் படித்தவர் என்னைப் பார்த்து, “நீங்க கொஞ்சம் வெளிய இருங்க. நான் அம்மாகிட்ட பேசிக்கிறேன்” என்றார்.

அந்தக் காலத்தில் அப்படித்தான். பெரிய நோய் என்றால் நோயாளியிடம் சொல்ல மாட்டார்கள். வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டுச் சொல்வார்கள். அவர்கள் திரும்பி வந்து, ஒன்றுமில்லை என்று அழுத கண்ணோடு சொல்வார்கள். நான் எழுந்தேன். அவள் என் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டாள்.

“அவிய முன்னாலயே சொல்லுங்கம்மா. எனக்கு மட்டும் சொன்னா வெளிய போனதும் என் மூஞ்சியே காட்டிக் குடுத்துரும். அதுவும்போக, எனக்கு ஒண்ணு புரியலன்னா நான் அவியகிட்டத்தான் கேப்பேன்.”

டாக்டரம்மா என்னை உட்காரச் சொன்னார். கண்ணாடியைத் தேடினார். அவளே, “நெத்தில இருக்கு” என்றாள். அதன் பிறகு ஒரு மணி நேரம் பேசினோம். நான் வாழ்க்கையில் உட்கார்ந்த பள்ளிக்கூடங்களில் நல்ல பள்ளிக்கூடம் அந்த அறைதான்.

“கால்ல முள்ளு குத்துனா தொடை இடுக்குல நெறி கட்டும் இல்லையா? அந்த நெறிங்கிறது உடம்புக்குள்ள இருக்கிற போலீஸ் சாவடி மாதிரி. கழுத்து, கக்கம், வயிறு, எல்லா இடத்திலயும் உண்டு. வெளியில இருந்து எதிரி வந்தா அங்க ஆள் கூடும். உங்களுக்கு எதிரி வரல. சாவடிக்காரனே காரணமில்லாம ஆள் சேர்க்கிறான். லிம்ஃபோமான்னு பேரு. புற்றுநோய்ல ஒரு வகை.”

அந்தச் சொல் வந்ததும் அவள் கை என் சட்டையில் இறுகியது.

“ஆனா இதுல அவசரக்காரனும் உண்டு, சோம்பேறியும் உண்டு. உங்களுக்கு வந்திருக்கிறது சோம்பேறி. வருசக்கணக்கா அப்படியே கிடப்பான்.”

“அப்ப அந்தச் சோம்பேறிய வெட்டி எறிஞ்சிர வேண்டியதுதானம்மா?” என்று அவள் கேட்டாள்.

“எத்தனை சாவடியம்மா வெட்டுவீங்க? உடம்பு பூரா இருக்கே.”

பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னார். ஒரே இடத்தில் பெருத்து மூச்சையோ விழுங்குவதையோ அடைத்தால் அந்த இடத்துக்குக் கரண்டு வைக்கலாம், அதாவது கதிர் பாய்ச்சிச் சுருக்கலாம். மாத்திரை இருக்கிறது. தினம் வாயில் போட்டுக்கொள்ளலாம், மெல்ல வற்ற வைக்கும், ஆனால் ரத்தத்தை அடிக்கடி சோதிக்க வேண்டும். அதைவிட வீரியமான மருந்துகளை இரண்டு மூன்றாகச் சேர்த்து ஊசியில் ஏற்றலாம். அதற்கு மெட்ராஸில் போய்க் கிடக்க வேண்டும், முடி கொட்டும், வாந்தி வரும், வேறு காய்ச்சல் வந்தால் உடம்பு தாங்காது. நான்காவது வழி, இப்போதைக்கு ஒன்றும் செய்யாமல் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்டிவிட்டுப் போவது.

“இந்த மருந்தெல்லாம் வேகமா வளர்றதத்தான் நல்லா அடிக்கும். உங்களோடது மெதுவா வளருது. அடிச்சா சுருங்கும், கொஞ்ச நாள் கழிச்சு மறுபடி வரும். ஒவ்வொரு தடவையும் மருந்துக்குப் பிடி குறையும். இப்பவே ஆரம்பிச்சா கூடுதல் நாள் கிடைக்கும்னு என்னால சத்தியம் பண்ண முடியாது. அதனால தேவை வர்றப்ப எடுத்துக்கலாம்னு நான் நினைக்கிறேன். வேற டாக்டர் இப்பவே மாத்திரைய ஆரம்பிக்கச் சொல்லலாம். அவரும் தப்பு இல்ல.”

நான் கேட்டேன், “தேவை வந்துட்டுன்னு எப்படிம்மா தெரியும்?”

“எடை மளமளன்னு குறையும். காரணமில்லாம காய்ச்சல் வரும். ராத்திரி வேர்க்கும்.”

“தூத்துக்குடில ராத்திரி வேக்காத ஆளு யாரும்மா இருக்கா?” என்றாள் அவள்.

டாக்டரம்மா சிரித்துவிட்டார். “போர்வையப் பிழிஞ்சா தண்ணி சொட்டணும். அந்த வேர்வை.”

“எங்க ஊர்ல போர்வையே கெடயாதும்மா.”

இப்படிச் சிரித்துக்கொண்டுதான் வெளியே வந்தோம். பஸ் ஏறி அருப்புக்கோட்டை தாண்டியதும் அவள் சிரிப்பு நின்றுவிட்டது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்: “ஒண்ணும் செய்ய வேண்டாம்னா கைவிட்டுட்டாவன்னுதான அர்த்தம்?”

இல்லை என்று நான் சொன்னேன். டாக்டரம்மா சொன்ன எல்லாவற்றையும் திரும்பச் சொன்னேன். எல்லாம் அவளுக்கும் புரிந்திருந்தது. மனசு மட்டும் ஏற்கவில்லை. வீட்டுக்குள் பாம்பு புகுந்துவிட்டது, அது தூங்குகிறது, எழுப்பாமல் சமையலைப் பாருங்கள் என்று சொன்னால் எந்தப் பெண்பிள்ளைக்குக் கை ஓடும்?

அவளுடைய அண்ணன் துறைமுகத்தில் வேலை பார்த்தார். விஷயம் தெரிந்ததும் ஓடி வந்தார். “சும்மா இருன்னு சொல்லுததுக்கு டாக்டர் எதுக்கு மாப்ள? அத நானே சொல்லியிருப்பேனே, பஸ்ஸு ஏறாம! மெட்ராஸுக்குப் போவோம். பெரிய ஊசியாப் போடச் சொல்லுவோம்.” எதுவும் பெரிதாக இருந்தால்தான் அவருக்கு நம்பிக்கை. சட்டைகூட ஒரு அளவு பெரிதாகத்தான் தைத்துக்கொள்வார்.

கடைக்கு வருகிறவர்களுக்கும் தெரிந்துபோயிற்று. கழுத்தில் தழும்போடு உட்கார்ந்திருப்பவனிடம் யார்தான் கேட்க மாட்டார்கள்? மீன் விற்கும் ஒரு அக்கா என் கழுத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, “எங்கள ஏமாத்தாதிய அண்ணாச்சி. கட்டிய எங்கன வச்சிருக்கிய?” என்று சண்டைக்கு வந்தாள். சங்கு குளிக்கப் போகிற ஒருவர் அளவுக்காகக் கை விரித்து நின்றபடி சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: “சும்மா இருக்கது லேசுப்பட்ட வேல இல்ல அண்ணாச்சி. தண்ணிக்குள்ள கையி காலு எல்லாம் வேல செய்யும். சும்மா இருக்கது மூச்சு ஒண்ணுதான். அதுக்குத்தான பழக்கம் வேணும்.”

அவளும் ஒரு பழக்கம் ஏற்படுத்திக்கொண்டாள். மூன்று மாதம் காத்திருக்க அவளால் ஆகாது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் என்னை நிறுத்தி அளவெடுப்பாள். கழுத்து, மார்பு, இடுப்பு. எடை குறைந்தால் இடுப்பு காட்டிக் கொடுத்துவிடும் என்பது அவள் கணக்கு. வாடிக்கையாளர்களின் அளவு நோட்டில் எனக்கும் ஒரு பக்கம் ஒதுக்கினாள். மற்றவர்களுக்கு ஆள் பெயர் இருக்கும். என் பக்கத்தில் தலைப்பு ‘அவிய’. வாரா வாரம் கழுத்து பதினாலரை, பதினாலரை என்று வரிசையாக இறங்கும். ஒரு வாரம் இடுப்பு ஒரு இஞ்சு கூடியிருந்தது. “பொரிச்ச மீனக் கொறைங்க” என்று அதற்கும் ஏச்சு வாங்கினேன். அந்த ஏச்சில் எவ்வளவு சந்தோஷம் இருந்தது என்று எனக்குத்தான் தெரியும்.

அப்படி இருக்கும்போதுதான் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. பதினாலே முக்கால்.

சாயங்காலம் அவள் அண்ணன் வந்தார். இரண்டு பேரும் பேசி முடிவு செய்துவிட்டார்கள். செவ்வாய்க்கிழமை மதுரைக்குப் போவது. டாக்டரம்மாவிடம், இனிக் காத்திருக்க முடியாது என்று சொல்லிக் கடிதம் வாங்கிக்கொண்டு அப்படியே மெட்ராஸ். எனக்கு அதில் சம்மதமா என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் என்ன சொல்லியிருப்பேன்? வேண்டாம் என்று சொல்ல எனக்கு ஆசை. ஆனால் அது புத்தியா, வாந்திக்கும் ஊசிக்கும் பயந்த பயமா என்று எனக்கே பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. அவள் முகத்தைப் பார்த்தேன். இத்தனை வாரத்தில் முதல் தடவையாகச் செய்வதற்கு ஒரு வேலை கிடைத்த முகம். அதைக் கெடுக்க மனம் வரவில்லை.

மாதா கோயில் திருநாளுக்கு மூன்று வாரம்கூட இல்லை. அலமாரி நிறைய வெட்டாத துணி. மெட்ராஸ் போனால் ஆறு மாதம் ஆகலாம் என்று டாக்டரம்மா முன்பே சொல்லியிருந்தார். திங்கட்கிழமை முழுவதும் துணியைத் திருப்பிக் கொடுத்தேன். ஒரு தையல்காரனுக்கு அதைவிடக் கேவலம் இல்லை. வாங்கியவர்கள் யாரும் கடிந்து பேசவில்லை என்பது இன்னும் கஷ்டமாக இருந்தது. சங்கு குளிக்கிறவர் மட்டும் வாங்க மறுத்துவிட்டார். “துணி இங்கனயே கெடக்கட்டும். நீங்க வந்து தைங்க. திருநாளு இல்லாட்டி கிறிஸ்மஸு. கிறிஸ்மஸ் இல்லாட்டி ஈஸ்டரு. நான் பழச உடுத்திக்கிட்டுப் போறேன். ஆண்டவர் என்ன, துணியப் பாத்தா உள்ள விடப் போறாரு?”

செவ்வாய்க்கிழமை விடிய முதல் பஸ். அவள் அண்ணன் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்துகொண்டார். நாங்கள் இரண்டு பேரும் உள்ளே போனோம்.

டாக்டரம்மா என் கழுத்தைத் தடவினார். கக்கம், வயிறு எல்லாம் அழுத்திப் பார்த்தார். எடை போட்டார். பழைய தாளில் முன்பு வரைந்து வைத்திருந்த கழுத்துப் படத்தைப் பார்த்தார். சின்ன அளவுகோலை உருண்டைமேல் வைத்துப் பார்த்தார்.

“மாத்தம் எதுவும் இல்லையே. அன்னைக்கு எப்படி இருந்துதோ அப்படியே இருக்கு.”

“இல்லம்மா, கால் இஞ்சு கூடியிருக்கு” என்றாள் அவள். “நாங்க அளவெடுத்துப் பொழைக்கிறவங்க. நீங்க கையால பாக்கிய. நான் டேப்பால பாக்கேன். கையி ஏமாத்தும். டேப்பு ஏமாத்தாது.”

ஒரு டாக்டரிடம் இப்படிப் பேசலாமா என்று எனக்குக் கூச்சமாக இருந்தது. டாக்டரம்மா கோபப்படவில்லை. “சரி, எடுங்க பார்ப்போம்” என்றார்.

அவள் பைக்குள் இருந்து டேப்பை எடுத்தாள். வழுவழுவென்று மஞ்சளாக இருக்கும், மடித்தாலும் சுருக்கம் விழாது. வெளிநாட்டுக் கப்பல்காரன் ஒருவனிடம் அவள் அண்ணன் வாங்கி, அளவு கூடிய ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின நாள் சாயங்காலம் தங்கச்சிக்கென்று கொண்டுவந்து கொடுத்தது. நல்ல சாமான் என்பதால் அதை என் கழுத்துக்கென்றே ஒதுக்கிவிட்டாள். சுற்றினாள். பதினாலே முக்கால். டாக்டரம்மாவும் குனிந்து பார்த்தார், தலையாட்டினார்.

“அது சரி, இது என்ன?” என்று என் தோளைக் காட்டினார்.

தொட்டுப் பார்த்தேன். என் பழைய துணி டேப். தையல்காரன் தோளில் அது பூணூல் மாதிரி. அவசரத்தில் அதோடே பஸ் ஏறியிருக்கிறேன். எப்போதும் அங்கேயே கிடப்பது என்பதால் அவளும் கவனிக்கவில்லை.

“இத்தனை நாளா எதுல எடுத்தீங்க?”

அவள் என் தோளிலிருந்து பழைய டேப்பை உருவிக் கழுத்தில் சுற்றினாள். பதினாலரை. இரண்டு டேப்பையும் டாக்டரம்மாவின் மேசைமேல் நுனிக்கு நுனி வைத்து நீளமாக விரித்தாள். மேசை போதாமல் மறுமுனையை நான் பிடித்தேன். பழையது புதியதைவிட ஒரு இஞ்சு நீண்டு கிடந்தது.

துணி டேப் நாளாக நாளாக இழுபட்டு நீளும். நீண்ட டேப் அளவைக் குறைத்துக் காட்டும். இது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். அவளுக்கும் எனக்கும் நன்றாகவே தெரியும். அளவெடுத்த டேப்பாலேயே துணியை வெட்டுகிறவரை ஒரு குறையும் வராது. அதனால்தான் பழைய டேப்பை நான் தூக்கிப் போடாமல் வைத்திருந்தேன். ஒரு டேப்பில் எடுத்து இன்னொரு டேப்பில் வெட்டினால்தான் சட்டை கெடும். வேலைக்கு வந்த பையன்களிடம் இதையே நூறு தடவை சொல்லியிருக்கிறோம். எங்கள் பயத்துக்கு இதைச் சொல்ல ஆள் இல்லாமல் போயிற்று.

“நானும் அதனாலதான் ஒவ்வொரு தடவையும் நானே பாக்கணும்னு சொல்றேன்” என்றார் டாக்டரம்மா. “அதே கை, அதே ஸ்கேல். இல்லேன்னா நானும் இப்படித்தான் பயப்படுவேன்.”

அவள் இரண்டு டேப்பையும் சுருட்டினாள். சுருட்டி முடித்துவிட்டு, தலை நிமிராமல் கேட்டாள்: “அப்ப நான் என்னதாம்மா செய்யட்டும்? மூணு மாசத்துக்கு ஒருக்க நீங்க பாப்பிய. நான் தெனமும் பக்கத்துல இருக்கேன். எனக்குன்னு ஒண்ணும் கெடயாதா?”

டாக்டரம்மா எழுந்து வந்து அவள் வலது கையைப் பிடித்து, ஆட்காட்டி விரலையும் நடுவிரலையும் என் காதுக்குக் கீழே வைத்தார்.

“இங்க. அமுக்காதீங்க. மெதுவா உருட்டிப் பாருங்க. என்ன அளவு இருக்கு?”

அவ்வளவு நாளும் அளவெடுத்தாளே தவிர, அந்த இடத்தை அவள் விரலால் தொட்டதே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. துணியின் நெசவைப் பார்க்கும்போது கண்ணை மூடிக்கொள்வாள், அதுபோல மூடிக்கொண்டாள்.

“சுண்டக்கா” என்றாள்.

“இன்னொன்னு?”

“அதவிடச் சின்னது. வழுக்கிக்கிட்டுப் போவுது.”

“அப்படி வழுக்கினா நல்லது. மாசம் ஒருதடவை பாருங்க, போதும். தினமும் பாக்கக்கூடாது, உங்களுக்கும் நிம்மதி போகும், அவருக்கும் போகும். நெல்லிக்காய் ஆச்சுன்னா, இல்ல கல்லு மாதிரி ஒட்டிக்கிச்சுன்னா, உடனே வாங்க. மருந்து எங்கேயும் ஓடிப் போகல. நமக்காக இருக்கு.”

அந்த விரல் கணக்கில்தான் அதற்குப் பிந்திய வருடங்கள் போயின. நெல்லிக்காய் ஆன நாளும் வந்தது. மாத்திரை தொடங்கினோம். அதைக் கண்டுபிடித்தது அவள் விரல்தான். ஆனால் அதற்குமுன் எத்தனை திருநாள் துணி தைத்துவிட்டேன்!

அன்றைக்கு அந்த அறையில், மெட்ராஸுக்குக் கடிதம் எழுதட்டுமா, வேண்டாமா என்று டாக்டரம்மா கேட்டார். நான் அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை, என் சட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இப்ப வேண்டாம்மா” என்றாள்.

காலரை ஏற்றிவிட்டு மேல் பொத்தானைப் போடப் போனாள். அது ஒற்றை நூலில் ஆடிக்கொண்டிருந்தது. போட்டிருக்கும் துணியில் ஊசி வைக்கக் கூடாது என்று ஊரில் எத்தனையோ பேரைத் திட்டியிருப்பவள் அவள். வெளியே அவள் அண்ணன் இருமுகிறார், அடுத்த நோயாளி கதவைத் தள்ளி எட்டிப் பார்க்கிறார். அவள் ரவிக்கைக்குள் செருகியிருந்த ஊசியை எடுத்து, நூல் கோத்து, “அசையாதிய” என்று சொல்லிவிட்டு, டாக்டரம்மா பார்த்துக்கொண்டு இருக்கவே அந்தப் பொத்தானைத் தைக்கத் தொடங்கினாள்.